எந்தக் காது?

அமெரிக்க சார்ட்டுகளுக்கு (நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளுக்கு) மெடிக்கல் கோடிங் செய்யும், அதாவது நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் சென்னை, கோவை நண்பர்களுக்குத் தெரியும்: ஒரு குழந்தைக்கு ‘நடுக்காதில் இன்ஃபெக்‌ஷன்’ என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால் நமக்குக் கிடைக்கும் கோடு எச்66.90தான். எந்தக் காது, என்ன வகை, ஒன்றும் தெரியாது. அதே குழந்தைக்கு ‘இடது காது, அக்யூட் (திடீரென வந்தது), சீழ், செவிப்பறை தானாகக் கிழிந்திருக்கிறது’ என்று இருந்தால் எச்66.012. செவிப்பறை கிழியாமல் அதே சீழ் திரும்பத் திரும்ப வந்தால் எச்66.005.

வீட்டில் யாராவது சிகரெட் பிடித்து அந்தப் புகை குழந்தைக்குப் படுவதாகக் குறிப்பு இருந்தால் இசட்77.22 என்ற கோடும் கூடவே வர வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், மருந்துப் பட்டியலில் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறதே என்று சீழ் கோடுக்குத் தாவாதீர்கள். சந்தேகமா, டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்டு ஒரு கேள்வி) அனுப்புங்கள்.