தையில் தாலி, ஆனியில் சான்றிதழ்

என் கணவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். சிங்கப்பூரில் ஆறாண்டுகள் இருவரும் வேலை பார்த்தோம். அம்மாவைத் தனியே விட முடியாது என்ற நிலை வந்தபோது திருச்சிக்கே வந்து குடியேறுவதென்று முடிவெடுத்தோம். உறவினர்கள் அவரை 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். அரசாங்கத்தின் கண்ணிலும் அவர் அப்படித்தான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் இங்கே தங்குவதற்கான ஒவ்வொரு தாளும் என் பெயரையும், எங்கள் திருமணச் சான்றிதழில் உள்ள ஒரு தேதியையும் பிடித்துக்கொண்டே நிற்கிறது.

அந்தத் தேதியில்தான் நாங்கள் சறுக்கினோம். 2023 தை மாதம் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்தும் வைத்து, மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம் என்று அழைப்பிதழும் புகைப்படமுமாகப் போனோம். இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். என் கணவர் கத்தோலிக்கர். ஆகவே 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் வாருங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் அந்தச் சட்டத்தில் பதிய வழி உண்டு; ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் முன் முப்பது நாட்கள் இருவருமே அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்திருந்தது இரண்டு வார விடுப்பு. புதிதாகத் திருமணம் செய்துகொள்வதாக நோட்டீஸ் கொடுத்தால் இருவரில் ஒருவர் முப்பது நாட்கள் வசித்திருந்தாலே போதும். தாலி கட்டிய பிறகு மீண்டும் திருமண நோட்டீஸா என்று அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும், வேலையை விட்டுவிட்டு முன்னதாகவே ஊர் திரும்பிவிட்ட என்னை வைத்து அந்த வழியிலேயே போனோம்.

வைகாசியில் அவர் வந்து கையொப்பமிட்டதும் நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது. எதிர்ப்புத் தெரிவிக்க முப்பது நாட்கள். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதங்களுக்குள் திருமணத்தை முடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இந்த இடைவெளியைக் கணக்கிட்டு அவர் ஒருமுறை சிங்கப்பூர் போய், ஆனியில் திரும்பி வந்தார். மணமுடிக்கச் சட்டப்படி தகுதியுள்ளவர் என்று அவருடைய நாட்டுத் தூதரகம் டெல்லியில் வழங்கிய சான்றும், வேறு நாட்டிலும் ஏற்கத்தக்கது என்று உறுதிசெய்யும் 'அப்போஸ்டில்' முத்திரையை மணிலாவில் பெற்ற பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தன. மூன்று சாட்சிகளில் ஒருவராக என் தாய்மாமா வந்தார்; வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனபோது பலகையில் என் படத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசியவரும் அவர்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிலிப்பைன்ஸ் வழக்கத்தில் நடுப்பெயர் என்பது தாயின் குடும்பப்பெயர். கடைசியில் வருவதுதான் தந்தையின் குடும்பப்பெயர். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் நடுப்பெயரைத் தந்தை பெயர் என்று எடுத்துக்கொண்டார். கையொப்பமிடும் முன் கவனித்ததால் பிழைத்தோம். சான்றிதழில் உள்ள பெயர் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் அடுத்த ஒவ்வொரு படியிலும் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

சான்றிதழ் வந்த பிறகு விசா கிடைப்பது கடினமாக இல்லை. இந்தியக் குடிமகனின் அல்லது குடிமகளின் துணைவருக்கு 'எக்ஸ்' வகை நுழைவு விசா தருகிறார்கள். சிங்கப்பூரில் விண்ணப்பித்து வாங்கினார். நூற்றெண்பது நாட்களுக்கு மேற்பட்ட விசா என்பதால், வந்த பதினான்கு நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியே பதிவு செய்தோம். வெளிநாட்டவர் எவர் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 'சி' படிவம் நிரப்பித் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போதிருந்த விதி. வீடு அம்மாவின் பெயரில் இருப்பதால், சொந்த மருமகனைத் தங்கவைத்திருப்பதாக அரசுக்கு அறிக்கை கொடுக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அம்மா கேட்டதற்கு எங்களில் ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அவருடைய விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. வேலை வேண்டுமென்றால் எங்கள் நிலையில் இருந்த வழி 'ஓசிஐ' எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைதான். குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு அதை அயல்நாட்டுத் துணைவருக்கும் தருகிறது. ஆனால் திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். தையில் கட்டிய தாலி இந்தக் கணக்கில் வரவே இல்லை. பதிவை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் 2025 தொடக்கத்திலேயே விண்ணப்பித்திருக்கலாம். ஜூன் வரை காத்திருந்தோம். ஒரே சம்பளத்தில் ஓடிய குடும்பத்துக்கு அந்த ஐந்து மாதம் சிறிய கணக்கு அல்ல. அயல்நாட்டவரை மணக்கப்போகிறவர்கள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே சார்பதிவாளரைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

கட்டணமாகப் பதினைந்தாயிரம் ரூபாய் செலுத்தினோம். துணைவர் என்ற முறையில் விண்ணப்பிப்போருக்குப் பாதுகாப்பு ஒப்புதல் கட்டாயம். அதற்காக விசாரிக்க வந்தவர் எங்களைத் தனித்தனியே உட்காரவைத்து, எப்போது சந்தித்தீர்கள், வீட்டில் யார் சமைப்பது என்றெல்லாம் கேட்டார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம்: அம்மா.

அட்டை இப்போது கையில் இருக்கிறது. அவர் வேலைக்கும் போகிறார். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் இது குடியுரிமை அல்ல. வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. திருமணம் முறிந்தால் அட்டையும் ரத்தாகலாம். மணமுறிவுக்கே பொதுச் சட்டம் இல்லாத நாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த நிபந்தனை வேடிக்கையாக இருக்கிறது. புதிய கடவுச்சீட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நகலோடு, எங்கள் திருமணம் இன்னும் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். அவருடைய கடவுச்சீட்டு 2028-இல் காலாவதியாகிறது.