டி.ஏ.எஃப்.பில் நான் எழுதிய ஒரு வரி: நேர்முகத் தேர்வு அனுபவம்

குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்து ஆறு நாள் ஆகிறது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. முதல் விருப்பமாக ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) கேட்டிருந்தேன், இந்தத் தரவரிசைக்கு அது கிடைக்காது. அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் அடித்தொண்டையில் ஒரு கசப்பு நிற்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதன்மைத் தேர்வு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் கதை, டி.ஏ.எஃப். என்ற விரிவான விண்ணப்பப் படிவத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் எழுதும் ஒற்றை வரி பற்றியது. ‘தூதர்களின் வாழ்க்கை வரலாறு வாசித்தல்’ என்று எழுதியிருந்தேன். எல்லோரும் தோட்டக்கலை, யோகா என்று எழுதும்போது நாம் தனியாகத் தெரிவோம் என்ற நினைப்பு. தெரிந்தேன். அரை மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் அந்த ஒரு வரிக்கே போனது.

‘பிடித்த தூதர் யார்?’ என்று குழுத் தலைவர் கேட்டார். நம் தூதர்களான பணிக்கர் என்றோ கே.பி.எஸ். மேனன் என்றோ சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று தெரியும். நான் வெலிங்டன் கூ என்றேன். சீனப் பெயர் கு வெய்ஜுன். 1888இல் பிறந்தவர், கொலம்பியாவில் முனைவர் பட்டம், 27 வயதில் வாஷிங்டனுக்குச் சீனத் தூதர், முதல் உலகப் போர் முடிந்து நடந்த 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில், சீனாவின் ஷான்டுங் மாகாணத்தில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுக்கக் கூடாது என்று வாதாடியவர். அதுவரை தடங்கல் இல்லை. அவர் பேசியது ஜனவரி 28, மறுநாள்தான் அவருக்கு 31 வயது நிறைந்தது என்றேன். இடது பக்க உறுப்பினர் லேசாகப் புன்னகைத்தார்.

அந்தப் புன்னகைதான் கெடுத்தது. ‘மேற்குலகம் எருசலேமை இழக்க முடியாதது போலச் சீனா ஷான்டுங்கை இழக்க முடியாது என்றார்’ என்று அடித்துவிட்டேன். ‘எங்கே படித்தீர்கள்?’ என்றார் அதே உறுப்பினர். ஒரு பயிற்சி மையத்தின் குறிப்பில் படித்தது. அதை அங்கே எப்படிச் சொல்வது? நினைவில்லை என்றேன். ஊருக்கு வந்த பிறகு, அமெரிக்க அரசு வெளியிட்ட மாநாட்டுக் கூட்டக் குறிப்பைத் தேடிப் படித்தேன். ஷான்டுங் சீன நாகரிகத்தின் தொட்டில், கன்பூசியஸும் மென்சியஸும் பிறந்த இடம், சீனர்களுக்குப் புனித பூமி என்று இருக்கிறது. எருசலேமைக் காணவில்லை.

அடுத்த கேள்வியில் தப்பித்தேன். ‘மாநாட்டின் முடிவில் வந்த வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதது அவருடைய முடிவா, அரசின் முடிவா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ இது பொறி என்பது கேட்டவுடனே தெரிந்தது. ‘மனசாட்சிப்படி நடப்பேன்’ என்றால் முடிந்தது கதை. பெய்ஜிங் தெளிவாக எதுவும் சொல்லாமல் பொறுப்பைத் தூதுக்குழுவின் தலையில் போட்டுவிட்டது என்றேன். ஷான்டுங் பிரிவுக்கு மட்டும் ஆட்சேபம் தெரிவித்துக் கையெழுத்திடக் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. ஜூன் 28 அன்று சீனாவின் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கையெழுத்திட வேண்டாம் என்ற தந்தி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே அவர் உத்தரவை மீறவில்லை, உத்தரவு இல்லாத இடத்தில் முடிவெடுத்தார். எனக்குத் தெளிவான உத்தரவு இருந்தால் என் ஆட்சேபத்தை எழுத்தில் பதிந்துவிட்டுக் கீழ்ப்படிவேன் என்றேன். கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: 1918இல் டோக்கியோவில் இருந்த சீனத் தூதர் ஷான்டுங் பற்றிய ஜப்பானின் ஏற்பாட்டுக்கு ‘மகிழ்ச்சியுடன்’ சம்மதித்துக் கடிதம் கொடுத்திருந்தார், கூவின் வாதத்தில் ஓட்டை அதுதான். தலைவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நமக்குப் பிடித்தவரின் பலவீனத்தை நாமே எடுத்து வைத்தால் மதிப்பெண் உண்டு என்று நம்புகிறேன்.

பிறகு விழுந்தேன். ‘பாரிஸுக்குப் பிறகு?’ 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் முதல் கையெழுத்து அவருடையது. ‘அதற்குப் பிறகு?’ 1956 வரை வாஷிங்டனில் தூதர். ‘அதற்கும் பிறகு? இந்தியாவோடு அவருக்குத் தொடர்பு உண்டா?’ மௌனம். எதிரே இருந்த கண்ணாடித் தம்ளரின் மூடியை நகர்த்தி மறுபடி வைத்தேன். தண்ணீர் குடிக்கவில்லை.

இருந்தது. 1957 முதல் 1967 வரை அவர் ஹேக்கில் சர்வதேச நீதிமன்ற நீதிபதி. முன்பு போர்ச்சுகல் வசமிருந்த தாத்ரா, நாகர் ஹவேலிக்கு இந்திய நிலம் வழியாகப் போக உரிமை கேட்டுப் போர்ச்சுகல் நம்மீது தொடுத்த வழக்கில் 1960 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பு வந்தது. குடிமக்களும் சரக்கும் போகலாம், படையும் ஆயுதமும் போக உரிமையில்லை, இந்தியா கடமை தவறவில்லை என்றது தீர்ப்பு. அந்த அமர்வில் கூ இருந்தார், தனியாக ஒரு கருத்துரையும் எழுதினார். நம் தரப்புத் தற்காலிக நீதிபதி எம்.சி. சாக்ளா. ஐ.எஃப்.எஸ். கேட்கிறவனுக்கு இது தெரியவில்லை. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி என் ஆலோசனை. எல்லாம் என் காயத்திலிருந்து வருவதால் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

- ஒருவரின் வாழ்க்கையைப் பின்னாலிருந்து படியுங்கள். புகழ்பெற்ற காட்சி தானாக வந்துவிடும், கடைசி 30 ஆண்டுகள் வராது. கூ 1985 வரை இருந்தார்.
- எந்த மேற்கோளுக்கும் மூலம் தெரியாவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். இதை மூன்று முறை படியுங்கள்.
- தூதரைப் படிக்கும்போது ‘எந்த அரசின் தூதர்?’ என்று ஆண்டுவாரியாக எழுதுங்கள். 1928இல் தேசியவாத அரசு கூவைக் கைது செய்ய உத்தரவிட்டது. சில ஆண்டுகளில் அதே அரசு அவரைப் பாரிஸுக்குத் தூதராக அனுப்பியது. 1948 டிசம்பரில் கம்யூனிஸ்டுகளின் போர்க்குற்றவாளிப் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. இந்த ஒரு பக்கத்தை எழுதி வைத்திருந்தால் பத்து நிமிடத்தையும் அதிலேயே ஓட்டியிருப்பேன்.
- மாதிரி நேர்முகம் இரண்டு போதும். பத்துப் பேர் பத்து விதமாகத் திருத்தினால் நம் குரல் போய்விடும். (நண்பன் பதினொன்று கொடுத்தான், என்னைவிட நல்ல தரவரிசை. என்னால் முடியாது, அவ்வளவுதான்.)
- தமிழில் பதில் சொல்பவர்களுக்கு: மொழிபெயர்ப்பாளர் பேசும் நேரம் உங்களுடையது. அதில் அடுத்த வாக்கியத்தை யோசியுங்கள், உறுப்பினர்களின் முகத்தைப் படிக்காதீர்கள். நான் படித்தேன், எருசலேம் வந்தது.
- சட்டை, காலணி பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. கூ கொலம்பியாவின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உட்கார்ந்து சொன்ன நினைவுகள் 11,000 பக்கங்களுக்கு மேல். அத்தனையும் படிக்கப் போவதில்லை, ஹேக் பகுதியை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த டி.ஏ.எஃப்.பிலும் அந்த வரி அப்படியே இருக்கும். ‘யோகா என்று போட்டுத் தொலையேன்’ என்கிறார் அப்பா.