போர்க்கால டாலர் நோட்டுகள்: சேகரிப்புக் குறிப்புகள்

மார்ச் 4, 2024

ஹவாய் ஒரு டாலர், 1935ஏ சீரிஸ். சாதாரண சில்வர் சர்டிபிகேட்டில் (வெள்ளியை ஈடாக வைத்து அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டு) முத்திரையும் வரிசை எண்ணும் நீலமாக இருக்கும். இதில் இரண்டுமே பழுப்பு. முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் ஹவாய் என்று ஆங்கிலத்தில் சிறிதாக, செங்குத்தாக அச்சாகியிருக்கும். பின்பக்கத்தில் அதே பெயர் பெரிதாக, உள்ளே நிரப்பாத வெற்றெழுத்தில்.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் 1942இல் வந்த நோட்டு இது. தீவுகள் ஜப்பானியர் கைக்குப் போனால் இதை மட்டும் செல்லாது என்று அறிவித்துவிடலாம் என்பதே ஏற்பாடு. அங்கே புழங்கிய பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்று ஹோனலூலுவின் தகன மேடையிலும் ஐயேயா என்ற ஊரின் சர்க்கரை ஆலையின் உலையிலும் எரித்தார்கள். வட ஆப்பிரிக்காவுக்குப் போன படைகளுக்கும் இதே ஏற்பாடுதான்: முத்திரை மஞ்சள், எண் நீலம்.

மார்ச் 7

அதிகம் ஏமாற்றுவது 1944இன் ஆர், எஸ் சோதனை நோட்டு. வழக்கமான காகிதத்துக்கு ஆர், புதுக் காகிதத்துக்கு எஸ் என்று, நீல முத்திரைக்குக் கீழே சிவப்பில் ஒற்றை எழுத்து போட்டார்கள். வகைக்கு 11,84,000 நோட்டுகள். மலிவான 1935ஏ நோட்டில் அந்த எழுத்தைக் குத்தி விற்பவர்கள் உண்டு. ஆகவே எழுத்தைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள்:

ஆர்: எஸ்70884001சி முதல் எஸ்72068000சி வரை.
எஸ்: எஸ்73884001சி முதல் எஸ்75068000சி வரை.

இந்த வரம்புக்கு வெளியே இருந்தால் பேச்சே வேண்டாம், போலிதான். அச்சில் கெட்டவற்றுக்குப் பதிலாக அச்சிட்ட, நட்சத்திரக் குறி போட்ட மாற்று நோட்டுகளுக்கு மட்டும் வரம்பு வேறு.

எண் சரியாக இருந்தால் அடுத்து பத்து மடங்கு லென்ஸ். அசலில் அச்செழுத்து அழுத்திப் பதிந்ததால் மை ஓரத்துக்கு ஒதுங்கி, விளிம்பு சற்று அடர்ந்து தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இங்க்ஜெட் வேலை.

மார்ச் 10

டார்ச்சை நோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். மடிப்புத் தடம் நிழலாக எழும். கழுவி அழுத்திய நோட்டில் மடிப்பு மறைந்திருக்கும். கூடவே வாஷிங்டன் உருவத்தின் மேடான அச்சும் தட்டையாகிப் படுத்திருக்கும். பளபளப்பைப் பார்த்து விலை கொடுத்துவிடாதீர்கள். இயல்பான மடிப்போடு இருக்கும் நோட்டே மேல் என்பேன்.

உறை பாலியெஸ்டராக இருக்கட்டும். பி.வி.சி. உறை நாளாக நாளாக எண்ணெய் கசிந்து, நோட்டில் பிசுக்காக ஏறும்; ஏறினால் போகாது. நோட்டு 156 × 66 மி.மீ., அதனால் உறை நாலு பக்கமும் சற்றுத் தாராளமாக இருக்க வேண்டும். இறுக்கமான உறைக்குள் திணிக்கும்போதுதான் மூலைகள் மடங்குகின்றன.