வடிவியல் சொற்களை வரைந்து படிக்கும் முறை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண்ணுக்கு வரும் செய்முறை வடிவியல் வினாவில், அடிப்பக்கத்தின் நீளம், உச்சிக்கோணம் (அடிப்பக்கத்துக்கு எதிரேயுள்ள கோணம்), உச்சியிலிருந்து வரையப்படும் நடுக்கோடு (எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குச் செல்வது) அல்லது குத்துக்கோட்டின் (எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக அமைவது) நீளம் ஆகியவை படமின்றிச் சொற்களாகவே தரப்படுவதுண்டு. கடலூரில் தமிழ்வழியில் படித்து அத்தேர்வை எழுதியவன் என்ற முறையிலும், இப்போது திருப்பாதிரிப்புலியூரில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருபவன் என்ற முறையிலும், வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒவ்வொரு சொல்லையும் வரைந்து படிப்பதையே நான் வலியுறுத்துகிறேன்.

கோடு, கதிர், கோட்டுத்துண்டு ஆகிய மூன்றில் நீளத்தை அளக்கக்கூடியது கோட்டுத்துண்டு மட்டுமே. குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் ஆகியவற்றைக் கோணமானியால் சிலமுறை வரைந்தாலே மனத்தில் பதிந்துவிடும். நிரப்புக் கோணங்களின் கூடுதல் 90 பாகை, மிகைநிரப்புக் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதைப் பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். முதலாவதைச் செங்கோணத்தைப் பிரித்தும் இரண்டாவதை நேர்க்கோட்டின் மேல் கதிர் வரைந்தும் காட்டினால் அக்குழப்பம் குறைகிறது.

இரண்டு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும் இடத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. ஒத்த கோணங்கள் (இரு வெட்டுப்புள்ளிகளிலும் ஒரே நிலையில் அமைபவை), ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (இரு கோடுகளுக்கிடையே, வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளில், குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைபவை) என்பவை கோணங்கள் அமைந்துள்ள இடத்தைக் குறிக்கும் பெயர்களே தவிர, அவை சமம் என்பதைக் குறிப்பன அல்ல. கோடுகள் இணையாக இருந்தால் மட்டுமே அவை சமமாகும். வெட்டுப்புள்ளியில் எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்களோ எந்த இரு கோடுகள் வெட்டிக்கொண்டாலும் சமமாகவே இருக்கும். ஆகவே இணையல்லாத கோடுகளையும் வரைந்து அளந்து பார்க்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன்.

முக்கோணத்தில் நடுக்கோடு, குத்துக்கோடு, கோணத்தை இரு சமபாகமாகப் பிரிக்கும் கோண இருசமவெட்டி ஆகியவற்றைப் பிரித்தறிவதற்குச் சமபக்க முக்கோணம் உதவாது, ஏனெனில் அதில் மூன்றும் ஒரே கோட்டில் அமைந்துவிடுகின்றன. 10 செ.மீ. அடிப்பக்கமும் 6 செ.மீ., 9 செ.மீ. பக்கங்களும் கொண்ட அசமபக்க முக்கோணத்தை வரைந்து, உச்சியிலிருந்து மூன்றையும் வரைந்தால், 6 செ.மீ. பக்கம் அடிப்பக்கத்தைத் தொடும் முனையிலிருந்து குத்துக்கோடு 2.75 செ.மீ. தொலைவிலும், கோண இருசமவெட்டி 4 செ.மீ. தொலைவிலும், நடுக்கோடு 5 செ.மீ. தொலைவிலும் அடிப்பக்கத்தைச் சந்திக்கும். கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை 6:9 என்ற விகிதத்தில் பிரிப்பதால் 4, 6 என்ற நீளங்கள் கிடைப்பதை இங்கேயே காட்டிவிடலாம்.

தேர்வில் இச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வரைமுறையைக் கோருகின்றன. அடிப்பக்கத்தின் இரு முனைகள் வழியாக உச்சிக்கோணத்துக்குரிய வட்டத்தை (அதன் ஒரு வில்லில் எந்தப் புள்ளியை உச்சியாகக் கொண்டாலும் அதே கோணம் கிடைக்கும்) வரைந்த பிறகு, நடுக்கோடு தரப்பட்டிருந்தால் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு அந்நீளத்தில் வில் வெட்ட வேண்டும். குத்துக்கோடு தரப்பட்டிருந்தால் அதே தொலைவில் அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைய வேண்டும். கோண இருசமவெட்டி அடிப்பக்கத்தைச் சந்திக்கும் புள்ளி தரப்பட்டிருந்தால், உச்சி அமையாத வில்லின் நடுப்புள்ளியை அப்புள்ளியோடு இணைத்து வட்டம் வரை நீட்ட வேண்டும். வினாவைப் படித்தவுடன் உதவிப்படத்தை (அளவின்றி வரையும் மாதிரிப் படத்தை) வரைந்து, தரப்பட்ட சொல்லை அதற்குரிய கோட்டின் அருகே எழுதிக்கொண்ட பின்னரே கவராயத்தை எடுப்பது நல்லது. அடிக்கோணங்களில் ஒன்று விரிகோணமாக அமைந்தால் குத்துக்கோடு முக்கோணத்துக்கு வெளியே விழும் என்பதால், அப்போது அடிப்பக்கத்தைப் புள்ளிக்கோடாக நீட்டிக்கொள்ள வேண்டும்.