எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

நூலகத்தின் வாசகர் வட்டத்தை நடத்தும் பொறுப்பை நூலகர் மேடம் என் தலையில் கட்டிவிட்டார். "நீங்கதான் தினமும் வர்றீங்களே" என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் அவர் சொல்லவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கரை மணி, மாடி அறை.

இதுவரை கூட்டம் நடந்த விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் எழுந்து நூலை அறிமுகம் செய்வார். முக்கால் மணி நேரம் ஓடும். "கேள்வி ஏதாவது இருக்கா?" என்பார். இருக்காது. கைதட்டிவிட்டுக் கலைவார்கள். பேசியவருக்கு மனநிறைவு. கேட்டவர்களுக்கோ இனி அந்த நூலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, முடிவு வரைக்கும் தெரிந்தாகிவிட்டது.

இன்று அறிமுகவுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா வந்தார். "மைக் எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கதவோரமாக உட்கார்ந்தார், நழுவ வசதியாக. எடுத்துக்கொண்டது ஒரு நாவல். "எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தேன். "நல்லா இருந்துச்சு." அடுத்தவர், "ரொம்ப நல்லா இருந்துச்சு." மூன்றாமவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் வண்டி நின்றுவிட்டது.

ஐயா நாவலை முடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "எந்தப் பக்கத்துல நிறுத்தினீங்க ஐயா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, 46 என்றார். ஏன் அங்கே?

"அந்தப் பையன் வீட்டுக்கு லெட்டர் போடுறான். பக்கத்தைத் திருப்பினா பதில் வந்துடுது. அந்தக் காலத்துல எந்த ஊர் தபால் சார் அவ்வளவு வேகமா போச்சு? அதுக்கு மேல எனக்கு நம்பிக்கை வரல."

எல்லோரும் சிரித்தார்கள். தையல் வேலை செய்யும் அக்கா சிரிக்கவில்லை, 46ஆம் பக்கத்தைத் தேடி எடுத்து மெதுவாகப் படித்தார். "நடுவுல ஒரு மழை பெய்ஞ்சு ஓஞ்சிருக்குங்க. முதல் பாராவுல தூறல்னு இருக்கு, கடைசிப் பாராவுல சேறு காஞ்சு வெடிச்சிருக்கு. நாள் போயிருக்கு, அவர் சொல்லாம விட்டிருக்கார்." ஐயா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளவில்லை. "சேறு வெடிக்க ரெண்டு நாள் போதும், லெட்டருக்கு அஞ்சு நாளாவது வேணும்." ஆறு மணிக்கு அறையைப் பூட்ட வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

5 பிப்ரவரி, புதன்

அடுத்த கூட்டத்துக்கு எதைப் படிப்பது என்பதைவிட எத்தனை பிரதி கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. சிறிய நூலகத்தில் ஒரு நாவலுக்கு ஒரு பிரதி, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. இரவல் காலம் இரண்டு வாரம் என்றால் ஒரு மாதத்தில் ஒரு பிரதியை இரண்டு பேர் படிக்கலாம். மற்றவர்கள்?

முழு நூலையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பதிப்புரிமை உள்ள நூலை அப்படிச் செய்யக் கூடாது. எழுத்தாளர் காலமாகி நாட்டைப் பொறுத்துப் பெரும்பாலும் 50, 60 அல்லது 70 ஆண்டுகள் தாண்டியிருந்தால் பொதுவுடைமை, பிரச்சினை இல்லை. ஆனால் அதை மட்டுமே படித்தால் வட்டம் பழைய நூல்களோடு நின்றுவிடும். சிறுகதையை எடுத்து அங்கேயே ஒருவர் உரக்கப் படிப்பது நல்ல வழி. பார்வை மங்கியவர்களுக்கும், வீட்டில் படிக்க நேரமே கிடைக்காதவர்களுக்கும் அதுதான் வசதி.

இன்னொரு வழியும் தோன்றியிருக்கிறது, மேடத்திடம் கேட்க வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

குழந்தைகளுக்கான கதை நேரம். ஒரு கல்லூரி மாணவி நடத்துகிறாள், எனக்குப் பாய் விரிக்கும் வேலை மட்டும். அவள் படிக்கும் விதம் பார்க்க வேண்டியது. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடிப்பதில்லை. படம் குழந்தைகளைப் பார்க்க, அவள் ஓரத்தில் எட்டிப் பார்த்து வாசிக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, "இந்த ஆமை இப்ப எங்க போகும்?" என்கிறாள். வெறுமனே படித்துக் காட்டுவதைவிட இப்படிக் கேட்டுக் கேட்டுப் படித்தால் சின்னக் குழந்தைகளின் பேச்சு வேகமாக வளர்கிறது என்று 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் ஓர் ஆய்வில் காட்டினார்கள். அது அவளுக்குத் தெரியாது. வீட்டில் தம்பியை வளர்த்த அனுபவம்.

ஆமை எங்கே போகும் என்பதில் குழந்தைகளுக்குள் கருத்து வேறுபாடு வந்து, சத்தம் கீழே வாசிப்பறை வரை போய்விட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை முதல் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் மாடிக்கு ஏறி வந்து, ரொம்ப மரியாதையாக, "அக்கா, இது லைப்ரரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. நூலகம் எல்லோருக்குமான இடம் என்று மேடையில் சொல்வது சுலபம். ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு அமைதியும் இன்னொருவருக்கு ஆமையும் வேண்டும் என்றால் யாராவது நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். மேடம் அன்றைக்கே ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மாடியில் சத்தம் இருக்கும் என்று. இப்போது பையன்கள் அந்த நேரத்தில் வெளியே காற்றாட நடந்துவிட்டு வருகிறார்கள். சத்தம்கூடப் பரவாயில்லை, எப்போது வரும் என்று தெரியாததுதான் அவர்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது.

2 மார்ச், ஞாயிறு

சிறுகதை உரக்கப் படித்தோம். அக்கா படித்தார், வசனம் வரும்போது குரலை மாற்றி.

அமெரிக்காவில் 1947இல் தொடங்கிய கிரேட் புக்ஸ் அமைப்பு வாசிப்புக் குழுக்களுக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறது. நடத்துபவர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும், கருத்துச் சொல்லக் கூடாது. கேள்வியும் அவருக்கே விடை நிச்சயமாகத் தெரியாததாக இருக்க வேண்டும். இதை இன்று கடைப்பிடித்தேன், அருமையாக வேலை செய்கிறது. விடை தெரிந்து கேட்டால் வகுப்பறை வாடை வந்துவிடுகிறது, எல்லோரும் வாத்தியார் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்.

அவர்களுடைய இன்னொரு விதி, படித்துவிட்டு வந்தவர்கள்தான் பேச வேண்டும் என்பது. இதை மட்டும் நான் ஏற்கப் போவதில்லை. பாதியில் விட்டவருக்கு விட்ட காரணம் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அது முடித்தவரின் பாராட்டைவிடக் கூர்மையானது. தபால்காரர் ஐயாவை 46ஆம் பக்கத்தோடு வெளியே உட்கார வைத்திருந்தால் மழையும் சேறும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நான்சி பேர்ல் என்ற நூலகர் ஒரு கணக்கே வைத்திருக்கிறார்: 50 பக்கம் வரை பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடுங்கள். 50 வயது தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணிக்கை படித்தால் போதும். இதைச் சொன்னதும் ஐயா கணக்குப் போட்டார். 71 வயது, 29 பக்கம். "அப்ப நான் 17 பக்கம் கூடுதலாவே படிச்சிருக்கேன்" என்றார், ரொம்பப் பெருமையாக.

12 மார்ச், புதன்

நூலகம் இருப்பதால் வாசகர் வட்டம் வருகிறது என்றுதான் நினைப்போம். பிலடெல்பியாவில் நடந்தது நேர்மாறு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் நண்பர்களைச் சேர்த்து ஜுன்டோ என்ற விவாதக் குழுவைத் தொடங்கினார், வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். விவாதத்துக்கு நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் தங்கள் புத்தகங்களை ஒரே அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். சரியாகப் பராமரிக்க ஆள் இல்லாமல் சுமார் ஒரு வருடத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம்தான் 1731இல் சந்தா கட்டும் நூலகம் வந்தது. பேச்சு முதலில், அலமாரி பின்னால்.

மேடத்திடம் சொன்னேன். "நம்ம கிட்ட அலமாரி மொதல்ல வந்துடுச்சு, பேச்ச கொண்டு வாங்க" என்றார்.

23 மார்ச், ஞாயிறு

கிழிந்த நூல்களைச் சரிசெய்யும் நாள். வாசகர் வட்டத்துக்கு வராதவர்கள் இதற்கு வருகிறார்கள். "பேசச் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று உறுதி வாங்கிக்கொண்டே ஒருவர் உட்கார்ந்தார்.

முதல் விதி, செலோ டேப் யார் கையிலும் இருக்கக் கூடாது. ஒட்டும்போது கண்ணாடிபோல இருக்கும். சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிளாஸ்டிக் தனியாக உரிந்து விழும், கறை மட்டும் நிரந்தரம். கிழிந்த பக்கத்துக்கு நீள நார் உள்ள மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும்தான் சரி. அந்தப் பசையைத் தண்ணீர் தொட்டுத் திரும்ப எடுத்துவிடலாம், பின்னால் வருபவர் நம் வேலையைத் திருத்தவும் முடியும்.

அட்டை ஆட்டம் காணும் நூல்கள்தான் அதிகம். அட்டையும் முதுகும் சேரும் மடிப்பில் பசை விட்டிருக்கும். அக்கா இதற்குப் பின்னல் ஊசி கொண்டு வந்திருந்தார். நூலை நிறுத்தி வைத்து அட்டைகளைக் கொஞ்சம் விரித்தால் முதுகுப் பக்கம் ஒரு சின்னச் சந்து தெரியும். ஊசியை வெள்ளைப் பசையில் முக்கி, சொட்டாமல் வழித்து, அந்தச் சந்துக்குள் செங்குத்தாக இறக்கி விரலால் உருட்ட வேண்டும். உருட்டும்போது மடிப்புத் துணியில் மட்டும் பசை பிடிக்கும், பக்கங்களில் படாது. பிறகு அட்டைக்கு உள்ளே மெழுகுத் தாள் வைத்து மூடி, மேலே கனமாக ஏதாவது ஏற்றி, மறுநாள் வரை தொடக் கூடாது. கனத்துக்குக் கலைக்களஞ்சியத் தொகுதிகள். கொஞ்ச காலமாக யாரும் கேட்காத அவற்றுக்கு இன்று நல்ல கிராக்கி.

எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. பழைய மருத்துவ நூல் ஒன்றை ஒருவர் அத்தனை அக்கறையாக ஒட்டிக்கொண்டிருந்தார். காலாவதியான சிகிச்சையைக் கெட்டி அட்டையில் போட்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பானேன்?

6 ஏப்ரல், ஞாயிறு

மேடம் சம்மதித்த அந்த இன்னொரு வழி: எல்லோரும் ஒரே நூலைப் படிக்காமல் ஒரே எண்ணைப் படிப்பது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க முதுகில் ஒட்டியிருக்கும் டூயி பகுப்பு எண்கள் 1876 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. தினமும் பார்க்கிறோம், படிப்பதில்லை. சீட்டுகளில் எண்களை எழுதிக் குலுக்கினோம், ஒரு சின்னப் பெண் எடுத்தாள். 598. பறவைகள். ஆளுக்கொரு நூல் எடுத்துக்கொண்டு ஒரு மாதம். பிரதிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

நாவல் என்றால் வாய் திறக்காத இரண்டு பேர் இன்று நிறுத்தவே இல்லை. ஒருவர் பெயிண்டர். உயரமான சுவரில் தொங்கிக்கொண்டு வேலை செய்பவருக்குக் கூடுகளெல்லாம் கண்ணெதிரே. நூலில் போட்டிருந்த கூட்டின் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். நிழல் விழும் பக்கத்தை வைத்து நிரூபித்தும் காட்டினார்.

10 ஏப்ரல், வியாழன்

பறவை நூல்கள் முழுக்க வெளியே போயிருக்கின்றன. அதில் ஒன்றின் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2009. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. வாசகரைத் தேடிப் பிடிப்பது நூலகத்தின் வேலை என்று அவர் சொன்னதை இவ்வளவு மலிவாக ஒரு குலுக்கல் சீட்டு செய்துவிடுகிறது. மேடம் புது முத்திரை மை வாங்க எழுதிப் போட்டிருக்கிறார்.

4 மே, ஞாயிறு

கீழே மின்விசிறி ஓடவில்லை. அதனால் அன்று சத்தத்துக்காக மேலே வந்த பையன் இன்று காற்றுக்காக வந்தான், கையில் தேர்வு வழிகாட்டி. ஓரமாகப் படித்துக்கொள்கிறேன் என்றான். அரை மணி நேரம் தாங்கினான். அப்புறம் தானாகவே, "ஒரு பத்தி படிக்கிறேன், கதாசிரியரின் மனநிலை என்னன்னு கேட்டிருக்கான், சொல்லுங்க" என்றான்.

நான்கு விடைகள்: அ) கோபம், ஆ) ஏமாற்றம், இ) நம்பிக்கை, ஈ) அலட்சியம். ஐயா ஏமாற்றம் என்றார். பெயிண்டர் கோபம்தான், ஆனால் அடக்கிய கோபம் என்றார். அக்கா பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது நாலும் இல்லை, அவருக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் என்றார். ஆளாளுக்கு வரியைக் காட்டி வாதாடினார்கள். பையன் பின்னட்டைப் பக்கம் புரட்டி விடை பார்த்தான். இ. நம்பிக்கை.

"எந்த வரியில?" என்று அக்கா விடவில்லை.

"அக்கா, பரீட்சையில அப்படிக் கேட்க முடியாது."

"பரீட்சையில இ போடு. இங்க காட்டு."

அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆறு மணி ஆகிவிட்டது. அடுத்த மாதத்துக்குச் சீட்டில் வந்த எண் 364, குற்றவியல். அதில் நம்மிடம் இருப்பதே ஏழு நூல்கள், இன்று வந்தவர்கள் பதினாறு பேர். மாவட்ட நூலகத்தில் கேட்டு வாங்க மேடம் நாளை கடிதம் எழுதுகிறார். தபாலில் போட வேண்டாம், நேரில் கொடுத்துவிடுங்கள் என்று ஐயா சொல்லிவிட்டுப் போனார்.