கடன் கிடைத்துவிடும், கைக்காசுதான் புரளாது

வீடு வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்டது, "இ.எம்.ஐ. எவ்வளவு வரும்?" 2024-இல் சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளக்காரர்களை நிறுத்துவது மாதத் தவணை மட்டுமல்ல. அதற்கு முன்னாலேயே கையிலிருந்து ரொக்கமாகப் போட வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை.

நான் கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 80,000 சொச்சம். இந்த வருமானத்துக்கு 38 லட்சம் சொச்சம் வரை தரலாம் என்று வங்கியில் சொன்னார்கள். அந்தத் தெம்பில் வேளச்சேரியில் பார்க்க ஆரம்பித்து, மடிப்பாக்கத்திலேயே தெம்பு தீர்ந்துபோய், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டோடு தெற்கே இறங்கிக்கொண்டே இருந்தோம்.

பட்ஜெட்டுக்குள் அடங்குகிற ஃபிளாட் கிடைத்தால், அது ஏன் அடங்குகிறது என்று விசாரிக்க வேண்டும். கொளத்தூரில் ஒன்று பார்த்தோம், நல்ல வெளிச்சம், நல்ல காற்று, விலையும் குறைவு. பிளானை வாங்கிப் பார்த்தால் அனுமதி இரண்டு மாடிக்குத்தான். நாங்கள் நின்றுகொண்டிருந்தது மூன்றாவது மாடி. அதற்கு எந்த வங்கியும் கடன் தராது, முழுப் பணமும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். முடிச்சூரில் ஒரு தரைத்தள வீட்டில் ப்ளக் பாயின்ட்டுகள் எல்லாம் என் தோளுக்கு மேலே இருந்தன. 2015 வெள்ளத்தைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் படிந்தது பெருங்களத்தூர் ஃபிளாட். விலை 48 லட்சம். பத்திரத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பாகம், அதாவது யூ.டி.எஸ்., 410 சதுர அடி. பழைய ஃபிளாட்டில் நாம் உண்மையில் வாங்குவது அந்த நிலத்தைத்தான், சுவரை அல்ல. அதனால் விலை பேசும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 48-இல் 80 சதவீதம் 38.4 லட்சம். மீதி 9.6 லட்சம் நம்முடையது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். அது 4.32 லட்சம். புரோக்கர் கமிஷன், வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல், வேல்யூவர், பத்திரத்தை ஈடாக வைத்ததற்கு வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் எம்.ஓ.டி. பதிவு எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 15 லட்சம். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் ஒரு ரூபாய் தொடாமல் ஒன்றரை வருடம் எடுத்து வைத்தால்தான் அந்தத் தொகை வரும்.

பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதம். 2023 ஏப்ரலில் அதை 2 ஆகக் குறைத்த கையோடு, பதிவுக்கென்று அரசு வைக்கும் குறைந்தபட்ச மதிப்பான வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை முத்திரை 4 சதவீதம்தான். ஆனால் கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில்தான் புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். "சார், டாகுமென்ட்ல 35 போட்டுக்கலாம். மீதி 13 கேஷா குடுத்துடுங்க. உங்களுக்கும் லாபம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவுச் செலவில் 1.17 லட்சம் மிச்சம். ஆனால் வங்கி பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கடன் தரும். 35 லட்சம் என்று போட்டால் கடன் 30 லட்சத்தைத் தாண்டாது. 1.17 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் 8 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் வேறு. இந்த யோசனை கறுப்புப் பணம் வைத்திருப்பவருக்குப் பொருந்தும், சம்பளக்காரனுக்குப் பொருந்தாது. இதனாலேயே முன்பு ஒரு ஃபிளாட் எங்கள் கைவிட்டுப் போனது. அதற்கு ரொக்கம் தருகிறவர் ஒருவர் தயாராக இருந்தார். இந்தத் தடவை விற்றவர் ஓய்வுபெற்றவர், "முழுசும் செக்காவே குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். அந்த வகையில் எங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

15 லட்சத்தில் சேமிப்பு பாதி. என் பி.எஃப்.-இலிருந்து வீட்டுக்கென்று ஒரு பகுதி எடுத்தோம். ஒரு சீட்டைத் தள்ளி எடுத்தோம். மீதிக்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. குடியிருந்த வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸும் இருந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்ற சட்டம் 2019-இல்தான் நடைமுறைக்கு வந்தது, நாங்கள் அதற்கு முன்பே பத்து மாதம் கொடுத்துக் குடியேறியவர்கள். ஆனால் வீட்டைக் காலி செய்தால்தான் அட்வான்ஸ் வரும், பத்திரம் பதிந்தால்தான் காலி செய்ய முடியும். இடையில் என் தங்கை வீட்டுக்காரர் கைமாற்று கொடுத்து உதவினார்.

பணத்துக்கு அடுத்தபடி படுத்தியது, பத்திரங்களைப் பார்த்து வங்கி வக்கீல் தரும் லீகல் ஒப்பீனியன். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே பார்த்துவிடலாம், எதுவும் இல்லை. ஆனால் 2011-இல் நடந்த ஒரு கிரயம், நிலத்துக்காரர் தன் சார்பில் விற்கச் சொல்லிக் கொடுத்த பவரை வைத்து ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது. பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருந்தாரா என்று வங்கி வக்கீல் கேட்டார். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் சாதாரணமாக அதோடு சரி, பிறகு எழுதிய பத்திரம் நிற்காது. விற்கிறவருக்கு அந்த ஆளையே தெரியாது. தேடிப் போய், மகன் ஒருவரைக் கண்டுபிடித்து, இறப்புச் சான்றிதழின் நகல் வாங்கினோம். பத்திரம் பதிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் இறந்திருக்கிறார். முகம் தெரியாத ஒருவரின் இறப்புச் சான்றிதழைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

பதிவு நாளில் சொல்லும்படி ஒன்றுமில்லை. டோக்கன், கைரேகை, புகைப்படம், கையெழுத்து, வங்கிக்காரர் கையில் டி.டி. மதியத்துக்குள் முடிந்தது.

என் பெரியப்பா அரசு வேலையில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒற்றைச் சம்பளம். கே.கே. நகரில் வீட்டுவசதி வாரிய ஃபிளாட் குலுக்கலில் விழுந்து, தவணையில் கட்டி முடித்தார். அந்தப் பேட்டையில் இன்று அவர் மாதிரி ஒரு குமாஸ்தா குடியேற வேண்டுமென்றால் வாடகைக்குத்தான். எங்களுக்கு வாரியக் குலுக்கலும் இல்லை, மானியமும் இல்லை. மத்திய அரசின் பழைய வட்டி மானியம் 2022 மார்ச்சோடு முடிந்தது. 2024-இல் வந்த புதிய திட்டத்தில் வீட்டு மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை, அது 10 லட்சம் மதிப்பு வரை. அந்த விலைக்குச் சென்னையில் ஃபிளாட் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

வட்டி 8.5-இல் மாதத் தவணை 33,000 ரூபாயைத் தாண்டியது. அதே வளாகத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 15,000. சரி, வித்தியாசம் தெரிந்தேதான் இறங்கினோம். 2025-இல் ரிசர்வ் வங்கி பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள், வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போவை 6.5-லிருந்து 5.5 ஆக இறக்கியது. ரெப்போவோடு இணைந்த கடன் என்பதால் எங்கள் வட்டியும் இறங்கியது, ஆனால் தவணை இறங்கவில்லை. வங்கி தானாகவே வருடத்தைக் குறைத்துவிட்டது. நகை இன்னும் அடகில் இருக்கும்போது வருடம் குறைந்து என்ன பயன்? கிளைக்குப் போய், காலத்தை விட்டுத் தவணையைக் குறையுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து சுமார் 2,300 ரூபாய் குறைந்தது. அது நேராக அடகு வட்டிக்குப் போகிறது.