கோத்தகிரி குளிர்ல ஒரு டெஸ்க்டாப்: டிசைனுக்கும் கேமுக்கும்

குன்னூர்ல இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தன் ரெண்டு வாரமா போன் பண்ணிட்டே இருக்கான், "டிசைன் வேலையும் ஓடணும், பையன் கேமும் ஆடணும், ஒரே டெஸ்க்டாப்தான் வாங்க முடியும், எதை வாங்கட்டும்"னு. போன்ல சொன்னா பாதி விட்டுப்போயிடும். அதனால 2024ல சீசன் முடிஞ்ச கையோட நான் வாங்கினப்ப என்ன யோசிச்சேன், எங்க சறுக்கினேன்னு இங்கயே எழுதி வெச்சிடறேன், அவனுக்கும் ஆச்சு, மலையில இருக்கற மத்தவங்களுக்கும் ஆச்சு.

என் வேலை என்னன்னு சொன்னாத்தான் மத்ததெல்லாம் புரியும். ஹோம்மேட் சாக்லேட் டப்பாவுக்கு லேபிள், டீத்தூள் பாக்கெட், வர்க்கி பிஸ்கட் கவர், நீலகிரி தைலம் பாட்டில் ஸ்டிக்கர், ஹோம்ஸ்டே போர்டு, இதான். ஏப்ரல், மே வந்துட்டா இங்க கோத்தகிரி நேரு பார்க்ல காய்கறி கண்காட்சி, ஊட்டியில மலர் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்ல பழக் கண்காட்சின்னு வரிசையா வரும், எல்லா கடைக்காரங்களுக்கும் ஒரே வாரத்துல புது போர்டு வேணும். ராத்திரி வேலை முடிஞ்சா நானும் தம்பியும் கேம் ஆடுவோம். எனக்கு வேலரண்ட் போதும், அவனுக்கு ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி பெரிய கதை உள்ள கேம்தான் புடிக்கும்.

பழைய மெஷின் எட்டு வருஷம் உழைச்சது, 8 ஜிபி ராம், சுத்தற ஹார்ட் டிஸ்க். அந்த சீசன்ல பத்துக்கு நாலு அடி ஃப்ளெக்ஸ் ஒன்னு போட்டோஷாப்ல பண்ணிட்டிருந்தேன், ஒவ்வொரு தடவை சேவ் கொடுக்கறப்பவும் எந்திரிச்சுப் போய் டீ போட்டுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது. உடனே எல்லாரும் சொன்னது "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போடு, சரியாயிடும்"னு. பேர்லயே கிராஃபிக்ஸ் இருக்கறதால கிராஃபிக் டிசைனுக்கு அதான் முக்கியம்னு நம்ம ஆளுங்க நெனச்சுக்கறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டாஸ்க் மேனேஜரை (ராம், டிஸ்க், கார்டு எவ்வளவு உழைக்குதுன்னு விண்டோஸ் காட்டற ஜன்னல்) ஓரத்துல திறந்து வெச்சுட்டே வேலை பார்த்தேன். ஃப்ரெண்டுக்கு நான் மொதல்ல சொல்றது இதைத்தான், வேலை எங்க நிக்குதுன்னு உன் மெஷின்லயே பாரு, அப்பறம் கடைக்கு போ. எனக்கு ராம் 95 சதவீதத்துக்கு மேலயே நின்னுச்சு, டிஸ்க் 100, கார்டு சும்மா ரெண்டு மூணு சதவீதத்துல தூங்கிட்டிருந்துச்சு. கணக்கு போட்டுப் பார்த்தா காரணம் தெரியுது. பத்துக்கு நாலு அடி போர்டை அங்குலத்துக்கு 100 பிக்ஸல்னு வெச்சா 12,000க்கு 4,800, அதாவது 5 கோடியே 76 லட்சம் பிக்ஸல், அதுல அச்சுக்கு நாலு கலர், அப்போ முழுசா நெறஞ்ச ஒரு லேயருக்கே கிட்டத்தட்ட 230 எம்பி. பத்து லேயர் போட்டு, அன்டூ பண்றதுக்கான ஹிஸ்டரியும் சேர்ந்தா 8 ஜிபி எந்த மூலைக்கு? மெமரி பத்தாம போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்ல எழுத ஆரம்பிக்குது, அந்த டிஸ்க்கும் ஆமை. இதுல கார்டுக்கு என்ன வேலை?

அதனால மொத்த பட்ஜெட் ஒன்னேகால் லட்சம்னு வெச்சுட்டு, மானிட்டர், ராம், எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்), யூபிஎஸ் நாலுக்கும் மொதல்ல பணத்தை ஒதுக்கினேன். கார்டுக்கு மிச்சம்தான்.

லேப்டாப் வேண்டாம்னு முடிவு பண்ண ரொம்ப நேரம் ஆகல, அதே காசுக்கு டெஸ்க்டாப்ல திறமை ஜாஸ்தி, பின்னாடி மாத்திக்கலாம். மேக் மினியும் பார்த்தேன், டிசைனுக்கு அருமையான பொருள், ஆனா வேலரண்ட் மேக்ல ஓடாது, வீட்ல சண்டை வரும்.

மானிட்டர் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா எனக்கு காசு போனதே அதுல. பழைய மானிட்டர் மலிவான டிஎன் பேனல், தலையை கொஞ்சம் அசைச்சாலே கலர் மாறும். அதுல பார்த்து ஒரு சாக்லேட் டப்பாவுக்கு நல்ல காபிக்கொட்டை பழுப்புல லேபிள் பண்ணி 500 அச்சடிச்சு வாங்கினேன், வந்தது செங்கல் கலர். அச்சகத்துமேல தப்பே இல்ல, நான் பார்த்த கலரே நிஜமில்ல. கடைக்கார அண்ணா ஒரு வார்த்தை திட்டல, ஆனா மறுபடி அடிச்ச காசு என்னோடது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதனால ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டுல பார்த்தாலும் கலர் அவ்வளவா மாறாது), எஸ்ஆர்ஜிபிங்கற பொதுவான கலர் அளவுல 100 சதவீதம், 27 இன்ச், 1440பி (உயரத்துல 1440 பிக்ஸல்), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படம் மாறும்)னு தேடி எடுத்தேன். 27 இன்ச்ல 1080பி எடுக்காதீங்க, சின்ன எழுத்தோட ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா தெரியும், லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு லைசென்ஸ் நம்பரும் சேர்மானங்களும் பொடி எழுத்துல போடறவங்களுக்கு அது கண்ணு வலி. 165 ஹெர்ட்ஸ் டிசைனுக்கு தேவையே இல்லதான், கேமுக்காக எடுத்தது, ஆனா ஒரு தடவை பழகிட்டா மவுஸ் நகர்றதே வேற மாதிரி இருக்கு. இன்னொன்னு, இப்போ வர்ற கேமிங் மானிட்டர் பல எஸ்ஆர்ஜிபியை தாண்டி கலர் காட்டும், பாக்க பளிச்சுனு இருக்கும், ஆனா அதை நம்பி டிசைன் பண்ணா அச்சுல மங்கலா வரும். வேலை நேரத்துல மெனுவுல எஸ்ஆர்ஜிபி மோடு வெச்சுக்கங்க, சில மாடல்ல அந்த மோடு போட்டா வெளிச்சத்தை கூட்டிக் குறைக்க முடியாது, கடையிலயே அதை பார்த்துடுங்க. அதோட எவ்வளவு நல்ல மானிட்டரா இருந்தாலும் அந்த கொழுந்து டீ இலை பச்சை இருக்கே, ஸ்க்ரீன்ல மின்னற பச்சை, அது நாலு கலர் அச்சுல வரவே வராது, மையால அதை குடுக்க முடியாது. கஸ்டமர்கிட்ட அதை முன்னாடியே சொல்லி சாம்பிள் பிரிண்ட் காட்டிடறேன் இப்பல்லாம்.

பிராசசர் ஏஎம்டியோட ரைசன் 5 7600, ஆறு கோர் (உள்ள ஆறு மூளை மாதிரி), 65 வாட்ஸ். போட்டோஷாப், கோரல்டிராவுக்கெல்லாம் நெறைய கோர் இருந்து பிரயோஜனம் கம்மி, ஒவ்வொரு கோரும் வேகமா இருக்கணும், கேமுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அது உக்கார்ற ஏஎம்5 ரக மதர்போர்டுக்கு குறைஞ்சது 2027 வரைக்கும் சப்போர்ட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கறதால நாளைக்கு பெரிய பிராசசர் போட வழி இருக்கு. ராம் 32 ஜிபி, 16 ரெண்டா. நாலு எட்டு வாங்காதீங்க, இந்த மதர்போர்டுங்கள்ல நாலு ராம் குச்சி போட்டா வேகம் குறையும். பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்) எக்ஸ்போங்கற ராம் வேக செட்டிங்கை ஆன் பண்ணாதான் டப்பால போட்டிருக்கற வேகம் வரும், அதை நெறைய பேர் பண்றதே இல்ல. மெஷினை மொத தடவை ஆன் பண்றப்ப சில நிமிஷம் ஸ்க்ரீன் கருப்பாவே நிக்கும், மெமரியை அதுவா சோதிச்சுட்டு இருக்கும், பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க, நான் ரெண்டு தடவை ஆஃப் பண்ணிட்டேன். எஸ்எஸ்டி 1 டிபி, மதர்போர்டுலயே சொருகற வேகமான என்விஎம்இ ரகம். தம்பியோட ரெட் டெட் ஒன்னே 150 ஜிபி கேக்குது, அதனால முடிஞ்சா 2 டிபியே போடுங்க.

கார்டுல என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியான்னு பத்து நாள் இழுத்துச்சு. கார்டுக்குள்ளயே 12 ஜிபி மெமரிங்கறது ஆசையாத்தான் இருந்தது, பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல டப்பா மாடல் பண்ணி காட்டறதுக்கு உதவும். ஆனா 3060 170 வாட்ஸ் குடிக்கும், 4060 115தான், அதுவும் கேம்ல வேகமா ஓடுது. கீழ இருக்கறவங்களுக்கு 55 வாட்ஸ் பெரிய விஷயமில்ல, இங்க மழைக்காலத்துல ஒரு சில்வர் ஓக் கிளை முறிஞ்சு லைன்மேல விழுந்தா போச்சு, அப்போ யூபிஎஸ் தாங்கற ஒவ்வொரு நிமிஷமும் காசு. 4060 எடுத்தேன். 1440பில சில புது கேம்ல 8 ஜிபி இடிக்குது, கேம் செட்டிங்ல டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி இறக்கினா சரியாயிடுது. இப்போ வாங்கறவங்க 5060 டிஐல 16 ஜிபி இருக்கற மாடலை பாருங்க, 8 ஜிபிலயும் அதே பேர்ல ஒன்னு இருக்கு, பில்லுல எதுன்னு பார்த்து வாங்குங்க. போட்டோஷாப், கோரல் மட்டும்னா ஏஎம்டி கார்டும் தாராளமா போதும், பிளெண்டர் இருந்தா என்விடியா பக்கம் நிக்கறது நல்லது.

இனி மலைக்குன்னே இருக்கற விஷயங்கள். யூபிஎஸ் 1100 விஏ, அதாவது 660 வாட்ஸ். கேம் ஓடறப்ப மானிட்டரோட சேர்த்து என் மெஷின் 300 வாட்ஸை ஒட்டி வருது, சேவ் பண்ணி ஒழுங்கா ஷட்டவுன் பண்ண நேரம் கெடைக்குது. வீட்டு இன்வர்ட்டரையே நம்பாதீங்க, சாதாரண மோடுல அது மாறுற அந்த நொடிக்குள்ள கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடலாம். எர்த்திங் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு பாத்துடுங்க, இடி இடிச்சா பிளக்கை புடுங்கிடுங்க, இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து.

ஆறாயிரம் அடி உயரத்துல காத்து கீழ இருக்கறதைவிட ஆறுல ஒரு பங்கு லேசு, அதே ஃபேன் அங்க தள்ற அளவுக்கு இங்க சூட்டை தள்ளாது. ஆனா ரூமே குளுகுளுன்னு இருக்கறதால அது ஈடாயிடுது, 7600 கூட வர்ற கூலரே எனக்கு போதுமா இருக்கு. குளிரைவிட ஈரம்தான் எதிரி. பழைய கேபினெட்டை ஜன்னலை ஒட்டி தரையில வெச்சிருந்தேன், மஞ்சு, அதான் மூடுபனி, நேரா உள்ள வரும், கழட்டினப்ப ஸ்க்ரூவெல்லாம் துரு, ஒரு ஃபேன் சிக்கிப்போச்சு. இப்போ மேஜை மேல, ஜன்னலுக்கு எதிர் சுவத்துல வெச்சிருக்கேன். வேலை இல்லாத நாள்லயும் கொஞ்ச நேரம் ஓட விடறேன், அதோட சொந்த சூடே உள்ள காய வெச்சிடும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டை உள்ள போடறதுல பயன் இல்ல, ஃபேன் வெளிக்காத்தை இழுத்துட்டே இருக்கும்.

கடைசியா கொண்டு வர்றது. கோயம்புத்தூர்ல பார்ட்ஸ் வாங்கி அங்கயே அசெம்பிள் பண்ணிட்டேன். கடையில வேலை பார்க்கற பையன் "அப்படியே கார்ல வெச்சுட்டு போங்கண்ணா"ன்னான். நான் கேக்கல, கார்டை மட்டும் கழட்டி அதோட பெட்டியில போட்டு தாங்கன்னு வாங்கிட்டேன். குஞ்சப்பனை தாண்டி அரவேணு வர்ற வரைக்கும் வளைவுக்கு வளைவு வண்டி ஆடும், முக்கால் கிலோ, ஒரு கிலோ கார்டு அந்த ஸ்லாட்ல தொங்கிட்டே வந்தா மதர்போர்டே விரிசல் விடலாம். கேபினெட்டை சாய்ச்சு படுக்க வெச்சு, ரெண்டு பக்கமும் தலகாணி அண்டை கொடுத்து, பின் சீட்ல கொண்டுவந்தோம். திருப்பி சர்வீஸுக்கு கீழ எடுத்துட்டு போறப்ப இன்னொரு விஷயம், இங்க சில்லுனு இருந்த மெஷின் மேட்டுப்பாளையம் புழுக்கத்துக்கு போனா உள்ள வேர்த்துடும், ரெண்டு மணி நேரம் அப்படியே வெச்சுட்டு அப்பறமா ஆன் பண்ணுங்க.

வீட்ல மாட்டின மொத நாள் தம்பி மூஞ்சி தொங்கிப்போச்சு, கேம் திக்கித் திக்கி ஓடுது. பார்த்தா மானிட்டர் கேபிளை கார்டுல குத்தாம மதர்போர்டுல குத்தியிருக்கோம், 7600க்குள்ளயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கறதால படம் வந்துட்டே இருந்திருக்கு, தெரியல. மாத்தி குத்தி, விண்டோஸ் செட்டிங்ல 60 ஹெர்ட்ஸ்ல இருந்து 165க்கு மாத்தினோம், அதுக்கப்பறம் அவனை நாற்காலியில இருந்து எழுப்ப முடியல.

அந்த சாக்லேட் லேபிளை போன மாசம் புது மெஷின்ல திரும்ப பண்ணேன். அதே பத்துக்கு நாலு போர்டு ஃபைலும் கூடவே திறந்து இருந்துச்சு, ராம் 20 ஜிபி தாண்டல. அச்சாகி வந்த லேபிளை ஸ்க்ரீன் பக்கத்துல புடிச்சு கடைக்கார அண்ணாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், "இதான்டா காபிக்கொட்டை"ன்னார்.

குன்னூர்க்காரா, உன் பழைய மெஷின்ல ஒரு வாரம் டாஸ்க் மேனேஜர் பார்த்து ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவுன்னு எழுதி எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, உக்காந்து லிஸ்ட் போடலாம். மானிட்டரை மட்டும் அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடாத.